உயிர்ப்பும் ஒரு பிராணம்
(தட்டைமுக நாய்களின் மூச்சுத் துயர் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஓருயிரை வாழச் செய்பவை பத்துப் பிராணங்கள் என்று சமண நூல்கள் வகுத்துக் கூறுகின்றன. பொறிகள் ஐந்து, மனம், மொழி, மெய் என்னும் வலிமைகள் மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று. மனமுடைய ஐம்பொறி உயிர்களுக்கு இப்பத்தும் உண்டு. மனிதருக்கு உள்ள பத்தும் வீட்டு வாயிலில் படுத்திருக்கும் நாய்க்கும் உள்ளன. சோர்வு காரணமாக இப்பிராணங்களுக்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். அவ்விலக்கணத்தில் வெகுளி, பகை முதலியவற்றோடு கவனமின்மையும் அடங்கும் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், இன்று எடுத்துக்கொண்ட பொருளில் பகைவர் எவரும் இல்லை. அன்பு செலுத்துவோர் வீட்டிலேயே, அன்பு செலுத்தப்படும் உயிர் ஒன்று, உயிர்ப்பு என்னும் பிராணத்திற்காக நாள்தோறும் போராடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளி கால்நடைகளின் நிலம். சேலம் மாவட்டத்து மேச்சேரி செம்மறியும், சேலம் கருப்பு வெள்ளாடும் இந்நிலத்தின் பெயரையே தாங்கி நிற்பவை. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் நாடறிந்தவை. 1985ஆம் ஆண்டில் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் அங்கமாயிற்று. அண்மையில் சேலம் மாவட்டம் தலைவாசலிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்துள்ளது. கறவை மாட்டிற்கும் ஆட்டிற்கும் கோழிக்கும் என வளர்ந்த இம்மருத்துவத்தின் வாயிலில், இன்று நகர்ப்புறக் குடும்பங்களின் செல்ல நாய்களும் காத்திருக்கின்றன. அவற்றுள் சுருங்கிய நெற்றியும், உருண்ட கண்ணும், உள்ளே அழுந்திய மூக்கும் கொண்ட பக் இனத்தைக் காணாதார் இலர். 2003ஆம் ஆண்டில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய பக் நாய் அவ்வினத்தை இந்தியா முழுவதும் வீட்டுப் பெயராக்கியது. அதன்பின் ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் முதலிய பிற தட்டைமுக இனங்களும் பெருகின.

இந்நாய்கள் உறங்கும்போது குறட்டை விடும். நடக்கும்போது கரகரவென ஒலி எழுப்பும். சிறிது ஓடினாலும் நாவை நீட்டி இளைக்கும். உண்ட உணவை அடிக்கடி கக்கும். சில நாய்கள் படுத்து உறங்காமல் உட்கார்ந்தவாறே உறங்கும். சில, மோவாயைத் தலையணை மீதோ படிக்கட்டு மீதோ உயர்த்தி வைத்தே கண்ணயரும். குடும்பத்தார் இவற்றைக் கண்டு மகிழ்ந்து, 'இந்த இனத்தின் இயல்பே இப்படித்தான்' என்பர். இவை மூச்சு அடைபடுவதன் அடையாளங்கள். உட்கார்ந்து உறங்கும் நாய், படுத்தால் மூச்சு முட்டும் என்பதனாலேயே அவ்வாறு உறங்குகிறது.

இத்துயரின் காரணம் எளிது. நாயின் மண்டையோட்டில் முகப்பகுதி எலும்பு, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதனால் குறுகிவிட்டது. ஆனால் எலும்பு குறுகிய அளவிற்கு அதனுள் இருந்த சதை குறுகவில்லை. வீட்டைப் பாதியாக இடித்துவிட்டு, பழைய வீட்டின் பாத்திரம் பண்டங்கள் அனைத்தையும் எஞ்சிய அறையில் அடைத்தாற்போன்ற நிலை. மூக்குத்துளைகள் கீற்றுப் போல் ஒடுங்கியிருக்கும். மூக்கினுள் காற்றை ஈரமாக்கிக் குளிர்விக்கும் சுருள் எலும்புகள் வழியை மறித்து வளர்ந்திருக்கும். வாயின் பின்புறத்து மென் அண்ணம் நீண்டும் தடித்தும் குரல்வளையின் வாயிலில் தொங்கும். நாவும் வாய்க்குப் பெரிதாயிருக்கும். சிலவற்றில் மூச்சுக்குழலே பிறப்பிலிருந்து ஒடுக்கமாக இருக்கும்.

ஒரு குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீராக ஓடும் காற்றிற்கு அதனுள் ஏற்படும் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே துளையில் சிறிதளவு ஒடுக்கமும் பெருஞ்சுமையாகிறது. இளநீரைக் காகிதக் குழலால் உறிஞ்சும்போது, அடைப்பு ஏற்பட்டு வலிந்து உறிஞ்சினால் குழல் உள்வாங்கி ஒட்டிக்கொள்வதைக் கண்டிருக்கலாம். தட்டைமுக நாயின் தொண்டையிலும் அதுவே நிகழ்கிறது. ஒவ்வொரு மூச்சையும் வலிந்து இழுப்பதனால் மென்சதை வீங்குகிறது. குரல்வளையின் இருபுறத்துச் சிறு பைகள் வெளியே பிதுங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் குரல்வளையின் குருத்தெலும்பே வலுவிழந்து உள்நோக்கிச் சரிகிறது. அந்நிலை வந்தபின் மருத்துவம் கடினம்.

இச்சமவெளியின் கோடை இத்துயரைப் பன்மடங்காக்குகிறது. மனிதருக்கு உடலெங்கும் வியர்வை உண்டு. நாய்க்குப் பாதங்களில் அன்றி வியர்வை பெரும்பாலும் இல்லை. நாவிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரம் ஆவியாவதனால்தான் அதன் உடல் குளிர்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. சித்திரை, வைகாசியில் நாமக்கல் வெயிலில் நீண்ட மூக்குடைய நாய் இளைத்து இளைத்துத் தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும். தட்டைமுக நாயோ, இளைப்பதற்கே மிகையாக உழைக்க வேண்டியிருப்பதால், அவ்வுழைப்பினாலேயே மேலும் சூடேறுகிறது. 105, 106 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. நண்பகலில் நடைபயிற்சிக்கு அழைத்துச் செல்வதும், நிறுத்திய காருக்குள் சில நிமிடங்கள் விட்டுச் செல்வதும் இந்நாய்களுக்குக் கொலைக்கு நிகரான செயல்கள். அவ்வாறு மயங்கிய நாயைக் கண்டால் உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்தல் வேண்டும். முதலில் குளிர்வித்தல், பின்னரே மருத்துவமனைக்குப் பயணம்.

இனி, மருத்துவம் எவ்வாறு உதவுகிறது என்பதைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகும். இதற்கான அறுவை மருத்துவத்தில் மார்பையோ வயிற்றையோ திறப்பதில்லை. வாய், மூக்குத்துளை ஆகிய இயற்கை வாயில்களின் வழியாகவே பெரும்பகுதி நடைபெறுகிறது. முதலில் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, உள்நோக்கிக் கருவியாலும், தேவையாயின் சி.டி. ஸ்கேனாலும், அடைப்பு எங்கெங்கு உள்ளது என்று ஆராய்வர். பின், மூக்குத்துளையின் ஓரத்திலிருந்து ஆப்பு வடிவில் சிறு சதையை நீக்கிச் சில தையல்கள் இடுவர்; கீற்றாக இருந்த துளை வாயிலாகத் திறக்கும். நீண்ட மென் அண்ணத்தைக் கத்தரிக்கோலாலோ லேசர் ஒளியாலோ இரத்தக் குழாய்களை மூடும் வெப்பக் கருவியாலோ தேவையான அளவிற்குக் குறைப்பர். தடித்த அண்ணமாயின், உட்சதையை நீக்கி மெலிவித்து, முன்னோக்கி மடித்துத் தைக்கும் முறையும் உண்டு. பிதுங்கிய குரல்வளைப் பைகளையும் வேண்டுமாயின் நீக்குவர்.

மூக்கின் உட்புறத்தில் வழிமறிக்கும் சுருள் எலும்புகளை, நுண்ணிய உள்நோக்கிக் கருவியின் துணையோடு லேசரால் நீக்கும் முறையை ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெர்ஹார்ட் ஊக்டெரிங் குழுவினர் வகுத்தனர். வெளியே ஒரு கீறலும் தெரியாமல் மூக்கின் ஆழத்தில் பாதை அமைக்கும் இம்முறைக்குச் சிறப்புக் கருவியும் நீண்ட பயிற்சியும் வேண்டும். ஆதலின் எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று. மூக்குத்துளையும் மென் அண்ணமும் திருத்தும் அறுவையோ, தேர்ந்த கால்நடை அறுவை மருத்துவர் உள்ள இடங்களில் செய்யத்தக்கது. லேசர் இரத்தப்போக்கைக் குறைக்கும் என்பது உண்மை. எனினும் கருவியினும் கையின் தேர்ச்சியே முதன்மையானது. அண்ணத்தைக் குறைவாக நறுக்கினால் மூச்சுத் தடை எஞ்சும். மிகுதியாக நறுக்கினால் உண்ணும் உணவு மூக்கிலும் நுரையீரலிலும் ஏறும். குரல்வளை மூடியின் நுனியை அண்ணம் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவே சரியான அளவு.

அறுவையினும் அதன் பின்வரும் மணிநேரங்களே இடர் மிக்கவை. மயக்கம் தெளியும்போது தொண்டை வீங்கினால் மூச்சு அடைபடும். ஆகவே மூச்சுக்குழாயில் வைத்த குழலை, நாய் நன்கு விழித்துத் தானே மறுக்கும் வரை எடுப்பதில்லை. முதல் இரவு முழுதும் மருத்துவக் கண்காணிப்பு இருத்தல் நலம். பின்னர்ச் சில வாரங்கள் மென்மையான உணவும், குளிர்ந்த இடமும், உற்சாகமூட்டாத அமைதியும் தேவை. 'அறுவை முடிந்தது, அன்றே வீட்டிற்கு அழைத்துச் செல்லலாம்' என்னும் அவசரம் இந்நோயில் ஆகாது.

அறுவைக்கு முன் இல்லத்தில் செய்யத்தக்கனவும் உள. முதலாவது, உடல் எடையைக் குறைத்தல். கொழுத்த பக் அழகு என்று எண்ணி இனிப்பும் ரொட்டியும் ஊட்டுவது அதன் தொண்டையில் கொழுப்பை ஊட்டுவதாகும். எடை குறைந்தாலே பல நாய்களின் மூச்சு எளிதாகும். இரண்டாவது, கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு அணியும் பட்டையைப் பூட்டுதல். மூன்றாவது, காலை வெயில் ஏறுமுன்னும் மாலை தணிந்த பின்னும் மட்டுமே நடத்தல். நான்காவது, காலந்தாழ்த்தாமை. இளம் வயதில், குரல்வளை சரியுமுன் செய்யும் அறுவை தரும் நலத்தை முதுமையில் செய்வது தருவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அந்நாட்டுக் கென்னல் கிளப்பும் 2019இல் தொடங்கிய திட்டத்தில், நாயின் மூச்சொலியை முதலில் கேட்டு, மூன்று நிமிடம் விரைந்து நடக்கச் செய்து, மீண்டும் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் இடுவர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத எளிய சோதனை அது. 'குறட்டைதானே' என்று இருந்துவிடாமல், மூன்று நிமிட நடைக்குப் பின் தம் நாய் எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதைக் குடும்பத்தார் கவனித்து மருத்துவரிடம் கூறினாலே பாதி நோயறிதல் முடிந்ததாகும்.

இங்கே இல்லறத்தார் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. கொல்லாமை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் ஆகியவற்றை ஆசாரியர்கள் கூறினர். நாயின் மூக்கையும் அண்ணத்தையும் அறுப்பது உறுப்பறுத்தலில் அடங்காதோ என்பது அவ்வையம். அறுக்கும் கருவி ஒன்றாயினும் அறுக்கும் நோக்கம் ஒன்றன்று. பிராணத்தைக் குறைக்க அறுப்பது அதிசாரம். தடைபட்ட பிராணத்தை விடுவிக்க, வலி தெரியாமல், விழிப்போடு அறுப்பது மருத்துவம். முள் தைத்த காலிலிருந்து முள்ளை எடுப்பவன் காலைக் குத்துகிறான் என்று எவரும் கூறுவதில்லை.

ஆயினும் அதே ஐயத்தை மறுபுறம் திருப்பிப் பார்த்தல் வேண்டும். உண்மையான உறுப்பறுத்தல் எங்கே நிகழ்ந்தது? அறுவை மேசையில் அன்று. இங்கிலாந்தில் காளையின் மீது நாய்களை ஏவிக் கடிக்கச் செய்யும் கொடிய விளையாட்டு ஒன்று இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. அருளுடைய செயல் அது. ஆனால் அவ்விளையாட்டிற்கு வளர்க்கப்பட்ட புல்டாக் இனம் பின்னர்க் காட்சிப் பொருளாயிற்று. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க் கண்காட்சி நடந்தது; 1873இல் கென்னல் கிளப் தோன்றியது. பரிசு பெறும் நாயின் முகம் தட்டையாக இருத்தல் வேண்டும் என்ற விருப்பம் வளர வளர, தலைமுறைதோறும் மூக்கு குறுகிற்று. கொடுமையைத் தடுத்த சமுதாயமே, கொடுமை என்று அறியாமல் மற்றொன்றை வளர்த்தது. கத்தியின்றி, குருதியின்றி, பகையின்றி, விருப்பத்தினாலேயே ஓர் உயிரினத்தின் முகம் அறுக்கப்பட்டது. ஒவ்வொரு மூச்சும் மிகைச்சுமையாயிற்று. ஐந்து அதிசாரங்களுள் இரண்டு அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. பிரிட்டனில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, புல்டாக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றின் ஈற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் அறுவை முறையிலேயே நிகழ்ந்தன. பெருந்தலைக் குட்டியை இயல்பாக ஈனவும் இயலாத தாய் அது.

ஆகவே அறுவை மருத்துவம் ஒரு நாயைக் காக்கும், அவ்வினத்தைக் காக்காது. திருத்தப்பட்ட மூக்கு மரபணுவில் எழுதப்படுவதில்லை. அறுவைக்குப் பின் நன்றாக மூச்சு விடும் நாய்க்குப் பிறக்கும் குட்டி, தாய் பிறந்தபோது இருந்த அதே அடைபட்ட மூக்கோடு பிறக்கும். அறுவையால் நலம் பெற்ற நாயை, 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறது' என்று இனப்பெருக்கத்திற்கு விடுதல், ஒருவர் தீர்த்த துயரை ஐந்தாறு குட்டிகளுக்குப் பகிர்ந்தளித்தலாகும். அத்தகைய நாய்க்குக் கருத்தடை செய்துவிடுதலே முறை.

அரசுகளும் இதனை உணரத் தொடங்கியுள்ளன. நெதர்லாந்தில் 2019 முதல், முகத்தின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனம் பெருக்குதல் கூடாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், இனப்பெருக்குவோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தல் வேண்டும் என்றும், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது என்றும் கூறுகின்றன. தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இம்மாநிலத்தின் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாதவை எனக் குறித்த இனங்களுள் பக், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றையும் சேர்த்திருந்தது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டினங்களைப் போற்றவும் அது வழிகாட்டியது. இந்நாட்டினங்கள் நீண்ட முகமும், திறந்த மூக்கும், இவ்வெயிலுக்குப் பழகிய உடலும் உடையவை. மேச்சேரி ஆடு இம்மண்ணின் வெயிலுக்கு ஏற்ப அமைந்ததுபோலவே அவையும் அமைந்தவை. தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியும் அத்தகையதே.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தட்டைமுக நாய் துயருறுவது என்று அறிந்தவுடன், வீட்டில் உள்ளதை வெளியே விட்டுவிடுதல் அறமாகாது. அது முன்னைய பிழையினும் பெரிய பிழை. தெருவில் உணவிற்கும் நீருக்கும் நிழலுக்கும் போராட அதன் மூச்சு இடந்தராது. விட்ட சில நாள்களில் வெயிலே அதனைக் கொன்றுவிடும். ஏற்றுக்கொண்ட உயிரை அதன் ஆயுள் உள்ளளவும் காத்தல் இல்லறத்தார் கடன். மருத்துவச் செலவு ஒரு குடும்பத்திற்கு மிகையாயின், அறக்கட்டளைகளும் ஜீவகாருண்ய அன்பர்களும் பங்கேற்கலாம். பசுவிற்குப் புல் வாங்கும் தானத்தைப் போலவே, ஒரு நாயின் மூக்குத்துளையைத் திறக்க உதவும் தானமும் அபயதானமே.

இளந்தலைமுறையினருக்குக் கூற வேண்டுவது ஒன்று உண்டு. பிறந்தநாள் பரிசாகக் குட்டி நாய் கேட்கும் குழந்தைக்கு, அதன் முகத்தைக் காட்டும் முன் அதன் மூச்சொலியைக் கேட்கச் செய்தல் நலம். வாங்குவோர் இருக்கும் வரை வளர்ப்போர் இருப்பர். தட்டைமுகக் குட்டியை விலை கொடுத்து வாங்காத ஒவ்வொரு குடும்பமும், இனிப் பிறக்கவிருந்த ஒரு துயரைத் தடுத்த குடும்பமாகும். ஆதரவின்றி நிற்கும் தட்டைமுக நாயைத் தத்தெடுத்தல் வேறு, அது காத்தல். விலைக்கு வாங்குதல் மேலும் ஒன்றைப் பிறப்பிக்கச் சொல்லும் ஆணை.

நீரை வடிகட்டிப் பருகுவதும், இருள் கவியுமுன் உண்பதும் இல்லந்தோறும் தாய்மார்கள் கட்டிக்காத்து வரும் ஒழுக்கங்கள். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்க்கும் ஊறு நேராமல் காக்க எழுந்த கவனம் அது. அதே கவனம் மடியில் உறங்கும் உயிரின் மூச்சொலியையும் எட்டுதல் வேண்டும். எல்லா உயிர்களும் இடையூறின்றி மூச்சு விடுக! அறம் வளர்க!